திருகை நின்ற பிறகு

மண்பாண்டத் தொழில் என்றதும் எல்லோருக்கும் சுழலும் திருகைதான் நினைவுக்கு வருகிறது. சினிமாவில் குயவரைக் காட்ட வேண்டுமானால் அதன் முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். குயவர்களுக்கென்று காதி கிராமத் தொழில் ஆணையம் 2018-இல் தொடங்கிய திட்டத்திலும் முன்னால் நிற்பது மின்திருகைதான். சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் வேளார்கள் எனப்படும் குயவர்கள் வேலை செய்வதைக் கவனித்தபோது, இந்தச் சித்திரத்தில் முக்கால்வாசி விடுபட்டிருப்பதாக எனக்குப் பட்டது. அங்கே மண் திருகையில் இருப்பது சில நிமிடம்தான். அது பானையாவது பிற்பாடு, கையில்.

காரணம் எளிது. திருகையில் எழும்பியதை நூலால் அறுத்துத்தான் எடுக்க முடியும்; அறுத்த அடி தட்டையாகவோ திறந்தோதான் இருக்கும். சோற்றுப் பானைக்கு உருண்டை அடி வேண்டும். மூலை முடுக்கு இருந்தால் அடுப்புச் சூட்டில் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். அதனால் வாயும் கழுத்தும் மட்டும் திருகையிலேயே முடிந்துவிடுகின்றன. மற்றதெல்லாம் தடித்த சுவராக, அரைகுறையாகவே இறங்குகிறது. நிழலில் காயவைத்து, விரலுக்குப் பள்ளம் விழாமலும் அடித்தால் இழுபட்டுக் கொடுக்கும்படியும் பதம் வந்த பிறகு தட்டும் வேலை தொடங்குகிறது. இடக்கை வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு பானைக்குள் இருக்கிறது. வலக்கை வெளியிலிருந்து மரப்பலகையால் அடிக்கிறது. அடி விழும் இடத்துக்கு நேர் உள்ளே கல் நிற்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க வழியில்லை. எழும் ஓசையும் கல்லைப் பிடித்த கையும்தான் சுவரின் கனத்தைச் சொல்லும். அடிக்க அடிக்கச் சுவர் மெலிகிறது, மண் இறுகுகிறது, திறந்திருந்த அடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்கிறது. கடம் என்றால் கறார் இன்னும் அதிகம். எந்த இடத்தில் தட்டினாலும் ஒரே நாதம் வர வேண்டுமென்றால் சுவர் முழுக்க ஒரே கனமாக இருந்தாக வேண்டும். ஒரே கடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி விழுகிறது. சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற மானாமதுரை மீனாட்சி அம்மாள் பேர் வாங்கியது இந்தத் தட்டும் வேலையில்தான்.

அய்யனார் கோயில் குதிரைக்கு வந்தால் திருகைக்கு அந்தச் சின்னப் பங்குகூட அனேகமாக இல்லை. மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு விழாவுக்கு, வேலையைத் தொடங்கச் சொல்லி ஊரார் பிடிமண் கொடுத்த பிறகு வேளார் கட்டத் தொடங்கும் உருவம் அது. கட்டுவது என்றுதான் சொல்ல வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்புவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. உமியும் மணலும் சேர்த்து மிதித்த மண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, பொருத்து தெரியாமல் விரலால் இழுத்துத் தேய்த்து, வெளியே தட்டி உயர்த்துகிறார்கள். முதலில் கால்கள், அவற்றின்மேல் வயிறு, பிறகு கழுத்து. கால் ஈரமாக இருக்கும்போதே வயிற்றை ஏற்றினால் சரியும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ மேல் மண் ஒட்டாது. உருவம் முழுக்க உள்ளே கூடாக இருக்க வேண்டும். கெட்டியாகச் செய்தால் சூளையில் உள்ளீரம் ஆவியாகி வெடித்துவிடும். உமி சேர்ப்பதும் இதற்காகத்தான்: அது எரிந்துபோன இடத்தில் நுண்துளை விழுந்து ஆவிக்கு வழிவிடுகிறது. ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் இந்தக் கூட்டைப் படம் வரையாமல், அளவுகோல் வைக்காமல் எழுப்புகிறார்கள் என்பதை நம் பொறியியல் கல்லூரிக்காரர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

இதெல்லாம் திருகை வருவதற்கு முந்தைய முறையின் மிச்சம்தானே என்று கேட்பார்கள். முந்தையது என்பது சரி, மிச்சம் என்பது சரியல்ல. திருகை வட்டமான பொருளைத்தான் தரும், குதிரை வட்டமில்லை. ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் போன்ற பெருங்கலங்களைத் திருகையில் ஒரே மூச்சில் எழுப்புவதும் நடக்கிற காரியமில்லை. மணிப்பூரின் தோங்ஜாவோ ஊர்ப் பெண்கள் இன்றும் திருகை இல்லாமல்தான் பானை செய்கிறார்கள்; அவ்வூர் நீலமணி தேவிக்கு 2007-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்தப் பொருளுக்கு எந்த முறை பொருந்தும் என்பதே கேள்வி. வயதை வைத்து முறைகளை வரிசைப்படுத்துவதில் பயனில்லை.

இன்னொரு கேள்விக்கு வலு அதிகம். மின்திருகை தோள்வலியைக் குறைக்கிறது, டீக்கப்பும் அகல்விளக்கும் வேகமாக இறங்குகின்றன, அவைதான் விற்கின்றன. அதைக் குறை சொல்லலாமா? குறை சொல்லவில்லை. ஆணையம் மின்திருகை கொடுக்கட்டும், இன்னும் நிறையவே கொடுக்கட்டும். ஆனால் கருவி கொடுப்பதே தொழிலைக் காப்பது என்று கணக்கு முடித்துவிட்டால், தட்டை அடிப் பொருட்கள் பெருகும். உருண்டை அடிப் பானையும் கடமும் குதிரையும் செய்யத் தெரிந்த கைகள் குறையும். அதைவிட முக்கியமாக, தட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. திருகையில் உட்காருபவர் குயவர், மணிக்கணக்கில் தட்டுபவர் வீட்டுக்காரருக்கு ஒத்தாசை செய்பவர் என்றே வெளியார் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரை, திருகைக்காரர் விட்டதைத் தட்டுபவர் திருத்த முடிகிறது. தட்டுபவர் விட்டதைத் திருத்த ஆளில்லை.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், பயிற்சி வகுப்பில் மின்திருகைக்கு ஒதுக்கும் நேரம் பலகைக்கும் கல்லுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். சொல்லிக்கொடுக்க மானாமதுரையில் தட்டும் வேலை செய்யும் பெண்களையே ஆசிரியர்களாகச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். குயவர் என்ற அடையாள அட்டை அவர்கள் பேரிலும் தனியாக வர வேண்டும்.