பேசா மழலையின் சாட்சியம்

பசறைத் தேயிலைச் சரிவுகளுக்கு மேலே நமுனுகுல மலை உயர்ந்து நிற்கிறது. அச்சரிவுகளின் லயமொன்றிலே ஒரு குழந்தை திடீரென இறந்துவிட்டால், அழுகுரல் அடங்குமுன்னரே அடக்கத்துக்கான பேச்சு எழுந்துவிடுவதுண்டு. “விதி முடிந்தது” என்னும் சொல் பெற்றவளுக்கு ஆறுதலாகும். சில வேளைகளில் அதுவே உண்மையை மூடும் மண்ணுமாகும்.

தனக்கு நேர்ந்ததை எடுத்துரைக்க மழலைக்கு மொழியில்லை. இறந்தபின் அதன் உடலே அதன் வாக்குமூலம். ஐயத்துக்குரிய மரணங்கள் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்கீழ் விசாரிக்கப்படுகின்றன. அவ்விசாரணையிலே உடலை ஆராயும் பொறுப்பு சட்ட வைத்திய அதிகாரியினுடையது.

நஞ்சைக் கண்ணால் மட்டும் கண்டு துணிதல் அரிது. சேதனப் பொசுபரசுப் பூச்சிகொல்லி கண்மணியைச் சுருக்கும். வாயில் நுரை தள்ளச் செய்யும். பரகுவாட் என்னும் களைகொல்லி வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிப் பின்னர் நுரையீரலைச் சிதைக்கும். பரகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கையிலே படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது; பிற நஞ்சுகள் இன்றும் உள்ளன. இவ்வடையாளங்கள் ஐயத்தை எழுப்புவனவேயன்றி முடிவைத் தருவன அல்ல. எனவேதான் இரைப்பையில் உள்ளவை, ஈரல், சிறுநீரகம், குருதி ஆகியன முத்திரையிடப்பட்டு அரச பகுப்பாய்வாளரிடம் அனுப்பப்படுகின்றன. அவை கைமாறும் ஒவ்வொரு முறையும் பதியப்படல் வேண்டும். பதிவு அறுந்தால் சான்றும் வலுவிழக்கும்.

எனினும், எந்த நஞ்சு என்பதையே ஆய்வுகூடம் கூறும். எவர் கை ஊட்டியது என்பதை அது கூறாது. சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த பூச்சிமருந்தைத் தாகத்தில் எடுத்துக் குடித்த பிள்ளையும் உண்டு. வஞ்சனையால் ஊட்டப்பட்ட பிள்ளையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியப் போத்தலும் கோப்பையும் இருந்த இடம் பார்க்கப்படல் வேண்டும். பெற்றோரின் கூற்று அவர்தம் தமிழிலேயே பதியப்படவும் வேண்டும்.

அடியின் சாட்சியமும் இத்தகையதே. 1946இல் ஜோன் கஃபி என்னும் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர், சில மழலைகளிடம் மூளையுறைக் குருதிக்கசிவும் கை கால் எலும்பு முறிவுகளும் ஒருங்கே காணப்படுவதை எடுத்துக்காட்டினார். 1962இல் ஹென்றி கெம்பியும் அவர்தம் சகாக்களும் அடிக்கப்பட்ட குழந்தையின் நோய்க்குறித் தொகுதியை மருத்துவ உலகுக்கு உணர்த்தினர். வெவ்வேறு காலத்தில் ஆறிய முறிவுகள், “ஒருமுறை விழுந்தான்” என்ற கதையைப் பொய்யாக்கும். ஆயின், ஆசியக் குழந்தைகள் பலரின் இடுப்பின் கீழே பிறவியிலேயே காணப்படும் நீலத் தழும்பு அடியின் கன்றல் அன்று. அதனை அறியாத விசாரணை குற்றமற்ற தாயைக் கூண்டில் ஏற்றிவிடும். குற்றவாளியைக் காட்டும் அறிவே அப்பாவியையும் காக்கிறது.

2021 ஜூலையில், கொழும்பில் வீட்டுவேலை செய்த டயகமத் தோட்டத்துச் சிறுமியொருத்தி எரிகாயங்களால் இறந்தாள். அடக்கம் செய்யப்பட்ட அவளது உடல் நீதிமன்றக் கட்டளைப்படி மீண்டும் தோண்டப்பட்டு, பேராதனை வைத்தியசாலையிலே இரண்டாம் முறை பரிசோதிக்கப்பட்டது. மலையகம் முழுவதும் அக்குழியருகே நின்று விடை கேட்டது.

மண் சில சாட்சிகளைக் காக்கும்; பலவற்றைத் தின்றுவிடும். ஆர்சனிக்கு மயிரிலும் நகத்திலும் நெடுங்காலம் தங்கும். பூச்சிகொல்லியோ அழுகும் உடலிலே சிதையக்கூடும். ஆகவே அடக்கத்துக்குமுன் விசாரணைக்காகக் காத்திருக்கும் ஒரு நாள், இறந்த பிள்ளைக்கு இழைக்கும் கொடுமை அன்று. அந்த லயத்திலே உயிரோடிருக்கும் அடுத்த பிள்ளைக்கு அதுவே காவலாகலாம்.