செட்டில்

எங்கள் தேவாரத்தில் ஒரு ஆள் எத்தனை விதமாகச் செட்டில் ஆகலாம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அரசு வேலை கிடைத்தால் செட்டில். கல்யாணம் முடிந்தாலும் செட்டில். சென்னையில் ஃபிளாட் வாங்கியவன் அங்கிட்டே செட்டில். டீக்கடைப் பாக்கியைக் கொடுத்தால் கணக்கு செட்டில். வரப்புத் தகராறைப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தால் மேட்டர் செட்டில். பத்திர ஆபீசுக்குப் போனால் தான செட்டில்மெண்ட். இங்கிலீஷ் தெரியாத என் அம்மா இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் எல்லா அர்த்தத்திலும் பிசகில்லாமல் பேசுவார்.

நான் ரியாத்தில் ஒரு கம்பெனியின் எச்ஆர் பிரிவில் இருக்கிறேன். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் அரபு என்று இரண்டு பத்திகளில் ஓடும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இடப்பக்கம் 'செட்டில்' வந்தால் வலப்பக்கம் கை நின்றுவிடும். எந்த செட்டில் என்று தெரியாமல் அரபியில் ஒரு எழுத்துகூட எழுத முடியாது.

கடனை செட்டில் செய்வது தஸ்தீத். அதே வேரில் பிறந்த 'ஸத்' என்ற சொல்லுக்கு அணை என்று பொருள். அடைப்பது, தடுப்பது என்பதுதான் அந்த வேரின் அடிப்படை. நாமும் கடனை 'அடைக்கிறோம்'. ஓட்டையை அடைப்பதும் மடையை அடைப்பதும் அதே சொல்தான். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரை நம்பி வாழும் பள்ளத்தாக்குக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன் என்பது ஒழுகிக்கொண்டே இருப்பது. யாராவது ஒருத்தர் போய் அடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் நான்.

வழக்கை செட்டில் செய்வது தஸ்வியா. மேடு பள்ளம் இல்லாமல் நிரவுவது. தண்ணீரில் வண்டல் செட்டில் ஆவதற்கு ரஸப. அதே சொல்லுக்குப் பரீட்சையில் தோற்பது என்றும் அர்த்தம். மார்க் ஷீட்டில் 'ராஸிப்' என்று இருந்தால் ஃபெயில். அடியில் போய்த் தங்கிவிட்டவன். ஊரில் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பவனை செட்டில் ஆகிவிட்டான் என்றும் சொல்கிறோம், தேங்கிப்போனான் என்றும் சொல்கிறோம். யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வெறும் நிலத்தில் ஆட்களைக் கொண்டுபோய் செட்டில் செய்வதற்குத் தனிச் சொல். மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டுகிற குடியிருப்புகளை அரபுச் செய்திகள் முஸ்தவ்தனா என்கின்றன. உள்ளே இருக்கும் 'வதன்' என்றால் தாயகம். இன்னொருவர் மண்ணைத் தன் வதனாக ஆக்கிக்கொள்வது. எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் யாருக்கு என்ற சண்டை நடந்த 1950களில், பட்டம் தாணுப் பிள்ளையின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு மலையாளிகளை அங்கே குடியேற்றியது. நெடுங்கண்டம் பக்கம் இன்றும் பட்டம் காலனி என்ற பெயர் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை போட்டபோது மலை அங்கிட்டுப் போனது. எங்கள் ஊர்ப்பக்கப் பெண்கள் இன்றைக்கும் விடியும் முன்னே ஜீப் ஏறி அங்கே ஏலக்காய் எடுக்கப் போய், பொழுது சாய இறங்கி வருகிறார்கள். வேலைக்குப் போகலாம், தங்கக் கூடாது என்பதை நான் வளைகுடாவில் கற்றுக்கொள்ளவில்லை.

இங்கிலீஷ் 'செட்டில்' பழைய காலத்தில் இருக்கை என்ற சொல்லிலிருந்து வந்தது. உட்கார்வதுதான் அதன் மூலம். சவூதியில் எனக்குத் தந்திருக்கும் குடியிருப்பு அட்டையின் பெயர் இகாமா. வேர்ச்சொல்லின் பொருள், நிற்பது. சின்ன வயதில் ஓதப் போன நாளிலேயே எனக்கு அந்தச் சொல் தெரியும். தொழுகை தொடங்கும் முன் சொல்லப்படும் இகாமத்தும் அதே சொல்தான். அதைக் கேட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வரிசையில் நிற்பார்கள். அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். இந்த ஊரில் நாம் நிற்கலாம். உட்காரச் சொல்லவில்லை.

கிளம்பும்போது கொடுப்பது ஃபைனல் செட்டில்மெண்ட். சவூதி சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். நாமாக ராஜினாமா செய்தால் ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். பத்து முடிந்தால் முழுசும். பணத்தை வாங்கிக்கொண்டு 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று கையெழுத்துப் போடும் தாளுக்கு முகாலஸா என்று பெயர். வளைகுடாத் தமிழன் வாயில் நாளைக்கு நூறு தடவை வரும் 'கலாஸ்' இருக்கிறதே, அதே வேர். இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள் அந்தத் தாளை என் மேஜை மேல் வைத்து, எங்கே கையெழுத்து என்று கேட்பார்கள். விரலால் இடத்தைக் காட்டுவேன். எனக்கு எட்டரை வருஷம் ஆகிறது.

போன மாதம் அம்மா போனில் தான செட்டில்மெண்ட் பேச்சை எடுத்தார். அத்தா மவுத்தான பிறகு வீடு அம்மா பேரில் இருக்கிறது. அதை என் பேருக்கு எழுதிவிட வேண்டுமாம். அரபியில் இதற்கு ஹிபா, வெறும் அன்பளிப்பு. ஆனால் பத்திரம் எழுதுபவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற ஷரத்தைப் பத்திரத்தில் போட்டுவிட்டால், பிள்ளை பார்க்காத பட்சத்தில் தானத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஷரத்து, ரத்து, வாரிசு, நகல் எல்லாமே அரபிதான். எங்கள் பத்திர ஆபீசில் பாதிப் பேச்சு அரபிப் பேச்சு.

"அந்த வரியப் போடவாய்யா, வேணாமா?" என்றார் அம்மா.

"போடச் சொல்லும்மா."

"நீ பாக்காமயா போயிருவ? அதுக்கு எதுக்கு எழுத்து?"

எழுத்துக்காக இல்லை, எனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தாள்களிலேயே வாழ்கிறவனுக்குத் தாளில் இல்லாதது மறந்துபோகும். எட்டரை வருஷத்தில் அம்மாவை நான் நேரில் பார்த்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. பணம் அனுப்புவதைப் 'பார்த்துக்கொள்வது' என்று எத்தனை நாளைக்குச் சொல்வது?

இதுவரை சொல்லாத ஒரு சொல் பாக்கி. ஓரிடத்தில் நிலைகொள்வதற்கு அரபியில் இஸ்திக்ரார். அதன் வேரில் குளிர்ச்சியும் இருக்கிறது. பிள்ளை முகம் பார்த்தால் நமக்குக் கண் குளிரும் என்றால், அவர்கள் பிள்ளையையே கண்ணின் குளிர்ச்சி என்பார்கள். அதே வேரில் இன்னொரு சொல் கரார். முடிவு என்று பொருள். அது எப்போதோ கப்பலேறி வந்து நம் கடைத்தெருவில் 'கறார் விலை' ஆகிவிட்டது.

"இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தா முழுப் பணமும் கிடைக்கும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு? எப்ப வருவேன்னு கறாரா ஒரு தேதி சொல்லு."

அரபுச் சொல்தான். அம்மாவுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். கம்பெனி காலண்டரைத் திருப்பி, வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரத்தில் ஒரு தேதியைச் சொன்னேன். பத்து வருஷம் ஆகியிருக்காது. மூன்றில் ஒரு பங்கு போகும். போகட்டும்.