நான் பிழை போட்ட பிறை



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் நேரம் எடுத்து வாசியுங்கள். இதில் ஒரு பாடமும் இருக்கிறது, நான் விட்ட ஒரு பிழையும் இருக்கிறது.

நான் தரம் 4 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நோன்பு லீவுக்கு முந்தின கிழமை, சுற்றாடல் பாடத்தில் சூரியன், பூமி, சந்திரன் பற்றிய பகுதி. பிள்ளைகளுக்கு நல்ல விருப்பமான பாடம். கோள்களின் பெயரைக் கேட்டால் முழு வகுப்பும் கூரை அதிரச் சொல்லும். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். ஒருவன் மட்டும் கடைசியில் "புளூட்டோ" என்றான். "யாரு மகன் சொன்ன?" என்று கேட்டேன். "வாப்பா." வாப்பா படித்த காலத்தில் அது சரிதான். 2006ல் சர்வதேச வானியல் சங்கம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வேறாக்கிவிட்டது. இதை வாப்பாவிடம் போய்ச் சொல்லு என்றேன். பெரிய சந்தோசம் அவனுக்கு.

பிறகு, சூரியனையும் பூமியையும் பிறையையும் கீறி நிறம் தீட்டச் சொன்னேன். கொப்பிகளைத் திருத்தும்போது ஒரு பிள்ளையின் படத்தில் பிறை படுத்துக் கிடந்தது. தண்ணீருக்கு மேல் தோணி மிதக்கிற மாதிரி, இரண்டு நுனியும் மேலே பார்த்தபடி. நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். ஓரத்தில் நானே நிமிர்ந்த பிறை ஒன்றைக் கீறிக் காட்டி, "பிறை இப்பிடி நிக்கணும் மகள்" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் கொப்பியைக் கொண்டுவந்தாள். அழிறப்பரால் அழுத்தி அழித்ததில் தாள் மெலிந்து, ஒரு இடம் கிழிந்தும் இருந்தது. அதற்கு மேல் நிமிர்ந்த பிறை. "டீச்சர் சொன்ன மாதிரியே கீறட்டாம், உம்மா சொன்ன" என்றாள். நான் "மிக நன்று" என்று எழுதிக் கொடுத்தேன்.

கொப்பியை வாங்கிக்கொண்டு போகிற நேரம் மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், மூத்தம்மாவோட வாவிக்கரையில பாக்கக்குள்ள அது படுத்துத்தான் கிடந்த."

"மேகம் மறைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.

அந்தக் கிழமை ஷஃபான் 29. ஒவ்வொரு வருசமும் போல மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேல்மாடியில் நின்று மேற்கே பார்த்தோம். பிறை தெரியவில்லை. மாதம் 30ஆகப் பூர்த்தியாகும் என்று ரேடியோவில் அறிவித்தார்கள். அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு வாவிப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. "அந்தா, அந்தா" என்று எல்லாரும் கை காட்டினார்கள். நானும் பார்த்தேன்.

அது படுத்துத்தான் கிடந்தது. அந்தப் பிள்ளை கீறிய அதே தோணி.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து பிறை பார்க்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, எத்தனையோ வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் பிறையின் வடிவத்தை நான் பார்த்ததில்லை. தெரிகிறதா, இல்லையா, நாளைக்கு நோன்பா, பெருநாளா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். என் மனதில் இருந்த பிறை பெருநாள் வாழ்த்து அட்டையில் இருக்கிற பிறை. அட்டையில் பிறையின் வளைவுக்கு உள்ளே ஒரு நட்சத்திரமும் இருக்கும். உண்மையில் அந்த இடத்தில் சந்திரனின் இருட்டான பாகம் இருக்கிறது. அதைத் தாண்டி நட்சத்திரம் தெரியாது. இதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பிள்ளை சரி என்றால், ஏன் சரி? எங்கட ஊரில் பிறை ஏன் படுத்துக் கிடக்கிறது? எனக்குப் பதில் தெரியவில்லை.

நோன்பு லீவு முழுக்க இது மனதில் கிடந்தது. ஒரு நாள் இஃப்தாருக்கு சர்பத் கரைக்க எடுத்த தேசிக்காய் ஒன்றைப் பென்சில் முனையில் குத்தி, அறையை இருட்டாக்கி, ஒரு பல்பை மட்டும் எரியவிட்டுப் பார்த்தேன். பல்ப் சூரியன், தேசிக்காய் சந்திரன், என் தலை பூமி. அப்போதுதான் இன்னொரு பிழை பிடிபட்டது. முதல் பிழையை விடப் பெரியது.

பிறை தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் விழுவதால் என்றுதான் நான் இத்தனை வருசமும் நம்பியிருந்தேன். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்ப் பக்கம்தான் விழும். முதல் பிறை தெரிவதோ சூரியன் மறைந்த அதே மேற்கில், சூரியனுக்குக் கிட்ட. நிழல் அங்கே எப்படிப் போகும்?

நடப்பது இதுதான். சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனைப் பார்த்திருக்கிற பாதி எப்போதும் வெளிச்சம், மற்றப் பாதி எப்போதும் இருட்டு. சந்திரன் எங்களைச் சுற்றி வரும்போது வெளிச்சமான பாதியில் எவ்வளவு எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு பிறையில் இருந்து அடுத்த பிறைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அதனால்தான் எங்கட மாதம் ஒன்றில் 29, இல்லாவிட்டால் 30. பூமியின் நிழல் சந்திரனில் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும்தான். சந்திரனின் பாதை 5 பாகை அளவு சாய்ந்திருப்பதால் கிரகணம் ஒவ்வொரு மாதமும் வருவதில்லை.

எங்கள் முன்னோர்கள் இதையெல்லாம் எப்போதோ ஆராய்ந்திருக்கிறார்கள். 965 அளவில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் நிலவின் ஒளியைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதியவர். ஆயிரம் வருசம் கழித்து நான் நிழல் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

படுத்த பிறைக்கும் பதில் கிடைத்தது. பல்பை நிலத்தில் வைத்து, தேசிக்காயை அதற்கு நேர் மேலே பிடித்தால் கீழ்ப் பக்கம்தான் ஒளிரும். எங்கள் நாடு பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. எங்கட பக்கம் ஏறக்குறைய 7, 8 பாகைதான். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கி மறைகிறது. இளம்பிறை அதற்கு மேலே நிற்கிறது. வெளிச்சம் கீழே இருந்து வருவதால் பிறை தோணி மாதிரிக் கிடக்கிறது. மாதத்துக்கு மாதம் ஒரு பக்கம் கொஞ்சம் சாயும். இங்கிலாந்து போன்ற தூர வடக்கு நாடுகளில் சூரியன் சரிவாக இறங்குவதால் பிறையும் கூடுதலாக நிமிர்ந்து நிற்கும். அட்டையில் இருப்பது அங்கத்தைய பிறை. அந்தப் பிள்ளை கீறியது எங்கட ஊர்ப் பிறை.

பெருநாளைக்கு முதல் நாள் வகுப்பு வட்ஸ்அப் குறூப்பில் ஒரு செய்தி போட்டேன். "பிறை பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன தெரிகிறதோ அதையே பிள்ளை கீறட்டும். யாரும் திருத்த வேண்டாம்."

லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே படங்களை மேசையில் பரப்பினோம். அனேகமானவை தோணிகள். சிலதில் வாவியும் தென்னை மரமும் இருந்தன. நிமிர்ந்த பிறை கீறியிருந்த ஒருவன், "நான் பாக்கல்ல டீச்சர், உடுப்பு எடுக்கப் போன" என்று உண்மையைச் சொன்னான்.

அதற்குப் பிறகு வகுப்புக்கு முன்னால் நின்று சொன்னேன். "டீச்சர் ரெண்டு பிழை விட்டுட்டன். ஒண்டு, சரியான படத்துக்குப் பிழை போட்ட. மற்றது, பூமிட நிழலாலதான் பிறை வருதெண்டு சொன்ன. ரெண்டும் பிழை." வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வாங்கில் இருந்து ஒரு குரல். "அப்ப டீச்சருக்கும் பிழை போடலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "போடலாம்" என்றேன்.

அந்தப் பிள்ளையைப் பழைய கொப்பியோடு வரச் சொன்னேன். "மிக நன்று" என்று எழுதியிருந்ததை அவளுக்கு முன்னாலேயே வெட்டினேன். "நீங்க முதல் கீறினதுதான் சரி மகள். திரும்பக் கீறுங்க" என்றேன்.

"இத அழிக்கிறதா டீச்சர்?"

"அழிக்க வேணாம். பக்கத்தில கீறுங்க."

கீறினாள். இந்த முறை வாவிக்கரையில் இரண்டு ஆட்களும் நின்றார்கள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. யாரென்று நான் கேட்கவில்லை.

பிறகு அவளுடைய மூத்தம்மாவைச் சந்தித்தேன். எழுத வாசிக்கத் தெரியாதவர். மஃரிபுக்குப் பிறகு பிறை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, எத்தனையாம் பிறை என்று சொல்லிவிடுவார். சந்திரன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி மறைகிறது என்று நான் புத்தகத்தில் படித்தது. அவருக்கு அது முற்றத்தில் இருந்து தெரிந்தது. "கிளி, இதுக்கு என்ன படிப்பு, பாத்தாத் தெரியும்தானே" என்றார்.

இப்போது வகுப்பில் தேசிக்காய் விளையாட்டு நடக்கிறது. இருட்டு அறையில் ஆளுக்கொரு தேசிக்காயோடு மெதுவாக இடப்பக்கம் திரும்புவார்கள். பிறை, அரை நிலா, முழு நிலா என்று தாங்களே கூப்பிடுவார்கள். முழு நிலா வரும்போது தேசிக்காயைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். பதித்துப் பிடித்தால் தலையின் நிழல் விழுந்து கிரகணம்.

மைதானத்தில் இன்னொன்றும் செய்தோம். ஒரு சென்ரிமீற்றர் அளவான கடலை பூமி என்றால், சந்திரன் ஒரு சவ்வரிசி. அதை 30 சென்ரிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும். சூரியன் 109 சென்ரிமீற்றர் அகலமான வட்டம். பத்திரிகைத் தாள்களை ஒட்டி வெட்டினோம். அதை வைக்க வேண்டிய தூரம் 117 மீற்றர். எங்கட மைதானம் போதவில்லை, கேற்றுக்கு வெளியே போக வேண்டி வந்தது. நெப்டியூனை வைப்பதென்றால் மூன்றரைக் கிலோமீற்றர் போக வேண்டும் என்றதும், "சைக்கிள்ள போகலாம் டீச்சர்" என்று ஒருவன் தயாராகிவிட்டான்.

கடலை இருந்த இடத்தில் கண்ணை வைத்து, சவ்வரிசியை முன்னால் பிடித்தால் அந்தப் பெரிய கடதாசிச் சூரியனை அது கிட்டத்தட்ட மூடிவிடும். ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சும். 2019 டிசம்பர் 26ல் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மக்கள் பார்த்த கங்கண சூரிய கிரகணம் இதுதான். உண்மையான சூரியனை வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்கக் கூடாது, எக்ஸ்றே தாளாலும் கூடாது என்று அப்போதே அழுத்திச் சொல்லிவிட்டேன். நீங்களும் வீட்டில் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுகிற ஓட்டத்தில் மேலே பார்க்க நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். மாதத்தில் நாலு நாள், பத்து நிமிடம் போதும்.

முதல் பிறை: மஃரிபுக்குப் பிறகு வாவிப் பக்கம். எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கீறச் சொல்லுங்கள்.

பிறை 7 அளவில்: மஃரிப் நேரம் அரை நிலா தலைக்கு மேலே நிற்கும்.

பிறை 14, 15: கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். மேற்கே சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டிக் கிழக்கே கடலில் இருந்து முழு நிலா எழும்பும். நாட்காட்டியைப் பாருங்கள், அந்த நாட்களில்தான் போயா லீவும் வரும். சகோதரச் சமூகத்தாரும் நாங்களும் ஒரே நிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிறை 22 அளவில்: காலையில் பள்ளிக்கூடம் வரும்போது மேலே பாருங்கள். பகல் வெளிச்சத்திலேயே அரை நிலா நிற்கும். நிலா இரவில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிற பிள்ளைகள் அதிகம்.

பிள்ளை வந்து "நான் இப்பிடிக் கண்டன்" என்று சொன்னால், என்னைப் போல "மேகம் மறைச்சிருக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். போய் ஒருக்காப் பாருங்கள். பார்த்த பிறகு பிழை என்றால் திருத்துங்கள்.

வரும் பிறை 29 பின்னேரம், இன்ஷா அல்லாஹ், நானும் என் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டார் சிலரும் வாவிக்கரையில் நிற்போம். விருப்பமானவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். கொப்பியும் பென்சிலும் மறக்க வேண்டாம். வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.