பாலத்துக்கு அந்தப் பக்கம் எந்தக் கல்லூரி?

கும்பளங்கியில் அந்த வீட்டில் ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூ முடித்த மகள் எந்தக் கல்லூரியில் சேர்வது? பாலத்தைக் கடந்தால் இடக்கொச்சியில் அக்வினாஸ் கல்லூரி. கொச்சி மறைமாவட்டம் 1981இல் தொடங்கியது. இன்னும் தூரம் போனால் எர்ணாகுளத்தில் மகாராஜாஸ். 1875இல் கல்லூரியான அரசு நிறுவனம். அம்மாவுக்கு முதலாவதுதான் வேண்டும். மகளுக்கு இரண்டாவது. சீன வலை இழுக்கும் அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "பஸ் செலவு எதில் குறைவு?"

"அச்சன்மார் இருக்கிறார்கள். ஜெபம் இருக்கும். இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று அம்மா அடுக்குகிறார். "பன்னிரண்டு வருஷம் வேதபாடம் படித்தாயிற்று அம்மச்சி. அது கல்லூரியில் தொலைந்துபோகுமென்றால் இத்தனை நாள் படித்தது என்ன?" என்கிறாள் மகள்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடுக்கி மாவட்டம் வட்டவடையிலிருந்து படிக்க வந்த அபிமன்யு என்ற மாணவர், 2018 ஜூலையில் மகாராஜாஸில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். மாணவர் அரசியலின் பகை அது. கல்லூரி வளாகத்தில் அரசியலைத் தடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று 2003இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னபோது பெற்றோர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 'கிறிஸ்தவக் கல்லூரி' என்று அம்மா சொல்லும்போது அதில் பக்தி பாதி, பாதுகாப்பு பாதி.

பாட்டிக்கு வேறொரு கணக்கு. 1959இல் அவர் சிறுமி. நம்பூதிரிபாட் அரசின் கல்விச் சட்டத்தை எதிர்த்து விமோசன சமரம் நடந்த வருஷம். திருவனந்தபுரம் அருகே செறியதுறையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஃபுளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண் இறந்தார். சபையின் பள்ளிகளைக் காப்பாற்றத் தெருவுக்கு வந்தவர்களில் கடலோரத்து ஏழைகளும் உண்டு. "நம்மவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது. நம் பிள்ளை அங்கே படிக்காமல் வேறு யார் படிப்பது?" என்கிறார் பாட்டி. இதற்குப் பேத்தியிடம் பதில் இல்லை.

ஆனால் கல்லூரிக்குள் நுழைந்து பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. இரண்டிலும் பட்டம் தருவது மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். 1972 ஒப்பந்தத்துக்குப் பிறகு கேரளத்தில் உதவிபெறும் தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கும் அரசே நேரடியாகச் சம்பளம் தருகிறது. சிறுபான்மைக் கல்லூரியில் சமுதாய ஒதுக்கீடு உண்டு என்றால், அரசுக் கல்லூரியில் லத்தீன் கத்தோலிக்கருக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்ற வகையில் இடம் உண்டு. கிறிஸ்தவக் கல்லூரியின் பெஞ்சிலும் பக்கத்தில் இந்துவும் முஸ்லிமும் உட்கார்ந்திருப்பார்கள். பைபிளை நம்பாத ஆசிரியரும் வருவார்.

வாசலில் சிலுவை இருந்தால் உள்ளே விசுவாசம் தானாக வளர்ந்துவிடுமா? இதற்குப் பழைய உதாரணம் ராதாகிருஷ்ணன். திருப்பதியில் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்தவர். இந்து மதத்தைப் பற்றி அங்கே கேட்ட விமர்சனம் அவரைச் சொந்த மதத்தின் நூல்களுக்குள் அனுப்பியது. 1908இல் அவர் எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. அதைப் பாராட்டியவர் அதே கல்லூரியின் கிறிஸ்தவப் பேராசிரியர் ஹாக்.

எதிர்ப்பக்கத்திலும் சாட்சி உண்டு. 1954இல் உருவான யு.இ.எஸ்.ஐ. என்ற மாணவர் இயக்கத்தின் முன்னோடி ஏனோக், சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். அரசுக் கல்லூரியில் இருந்துகொண்டே கிறிஸ்தவ மாணவர்களைச் சேர்த்தவர். 1980களில் கேரளத்தில் வளர்ந்த ஜீசஸ் யூத் இயக்கமும் சபைக் கல்லூரிகளோடு நிற்கவில்லை. மற்ற வளாகங்களிலும் ஜெபக் குழுக்களை அமைத்தது. 2016இல் வத்திக்கானின் அங்கீகாரமும் பெற்றது. நாலு பேர் சேர்ந்து ஜெபிக்கவும் பேசவும் மனது வைத்தால் கட்டடம் யாருடையது என்பது பெரிய விஷயமில்லை.

அடுத்த ஞாயிறுதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. ஒவ்வோர் ஆண்டும் வேலியேற்றத்தில் காயல் நீர் முற்றம் தாண்டி வீட்டுக்குள் வரும். உப்பு ஏறிச் சுவர் உதிரும். "இவ்வளவு ஜெபித்தும் ஏன் தண்ணீர் வருகிறது?" என்று ஒருமுறை வேதபாட வகுப்பில் மகள் கேட்டிருக்கிறாள். "விசுவாசம் இருப்பவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்டதில்லை. வகுப்புக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், பரிசும் வாங்கினாள்.

அம்மாவுக்கு இது புதிய செய்தி. கல்லூரியில் தொலைந்துவிடும் என்று அவர் பயந்தது வீட்டிலேயே, பங்கிலேயே, சத்தமில்லாமல் தேய ஆரம்பித்திருந்தது. சற்று நேரம் கழித்து, "அந்தக் கேள்வி எனக்கும் உண்டு மோளே. யாரிடமும் கேட்டதில்லை" என்றார்.

இளம் விசுவாசிகளுக்குக் கல்லூரி தேடும் பெற்றோர் விசாரிக்க வேண்டியது இதைத்தான். சந்தேகம் வந்தால் பிள்ளை யாரிடம் போகும்? முகம் சுளிக்காமல் கேட்க ஓர் ஆசிரியரோ, ஓர் அச்சனோ, நான்கு நண்பர்களோ இருப்பார்களா? கிறிஸ்தவக் கல்லூரியில் அப்படி ஒருவர் இருந்தால் அது கொடுப்பினை. பெயர்ப்பலகை மட்டும் இருந்தால், கேள்வியை மறைக்கக் கற்றுக்கொள்ள இன்னும் சில வருடங்கள், அவ்வளவுதான். அரசுக் கல்லூரியில் கேள்வி கேட்கத் தடை இருக்காது. ஆனால் பதில் தேடும்போது கூட நிற்க ஆள் வேண்டும். அந்த ஆளை வீடுதான் தர வேண்டியிருக்கும்.

இரண்டு விண்ணப்பங்களும் போயின. மகாராஜாஸில் பொருளாதாரம் கிடைத்தது. பாட்டி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மாணவர் சலுகைக் கட்டணம் எவ்வளவு என்று கண்டக்டரிடம் விசாரித்துவிட்டு வந்து அப்பா சம்மதித்தார். முதல் நாள் காலை அம்மா பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். பையில் ஜெபமாலை வைத்திருக்கிறாளா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு, குடும்ப ஜெபம் முடிந்து விளக்கைத் தணிக்கும்போது கேட்டார்: "இந்த வாரம் என்ன கேள்வி?"