டப்பாவுக்கு லேபிள் உண்டு, ஜாடிக்கு?

ஆடி மாதம், பள்ளி விடுமுறைக்காக லண்டனிலிருந்து மூத்த மகனும் மருமகளும் ஐந்து வயசுப் பேரனும் குரோம்பேட்டைக்கு வந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால், துணிமணிகளுக்கு நடுவே ஆறு தகர டப்பாக்கள்!

"பேக்டு பீன்ஸ், அத்தை. புது இடத்துல சாப்பிட அடம் பிடிப்பான். டோஸ்டோட இதைக் கொடுத்தா தட்டைக் காலி பண்ணிடுவான்" என்றாள் மருமகள்.

எனக்குச் சுருக்கென்றது. ராதா நகரில் பசேலென்று காய்கறி குவிந்து கிடக்க, குழந்தைக்கு டப்பா சாப்பாடா? வாய் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான், ஒளிப்பானேன்?

இந்த பீன்ஸ், நாம் பொரியல் செய்யும் பீன்ஸ் இனத்தின் முற்றிய வெள்ளை விதை. ராஜ்மாவும் அதே இனம்தான். தக்காளிச் சாற்றில் வேகவைத்து அடைக்கிறார்கள். 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 5 கிராம், நார்ச்சத்து 4 கிராம். கொழுப்பு மிகச் சொற்பம். பரவாயில்லையே! பயறில் குறைவாக இருக்கும் புரதக் கூறை ரொட்டியிலுள்ள கோதுமை ஈடுகட்டிவிடும். நம் பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்வதும் இதே கணக்குத்தான்.

குறை, சர்க்கரையிலும் உப்பிலும் இருந்தது. அரை டப்பாவில், அதாவது 200 கிராமில், சர்க்கரை சுமார் 2 டீஸ்பூன்; உப்பு ஒன்றேகால் கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் சொல்லியிருக்கிறது. ஐந்து வயசுக் குழந்தைக்கு பிரிட்டனில் வைத்திருக்கும் வரம்பு 3 கிராம்தான்.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது மருமகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"நிஜம்தான் அத்தை. அதனாலதான் வாரத்துக்கு ரெண்டு நாள், அதுவும் கால் டப்பா. இங்கே மாமாவுக்கு பிரஷர் ஆச்சே, நம்ம ஊறுகாய் ஜாடியில எவ்வளவு உப்பு இருக்கும்?"

அவள் குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். நானும் கணவரும் இளைய மகனுமாக மூன்று பேர். மாதம் ஒரு கிலோ உப்பு தீர்கிறது. ஆளுக்கு, நாளொன்றுக்கு 11 கிராம்! கடை அப்பளமும் மிக்சரும் இதில் சேர்த்தியில்லை. அவருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அதே கையால்தான் மோர் சாதத்துக்கு நார்த்தங்காயும் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே மாற்றத்தை ஆரம்பித்தேன். வெள்ளைக் காராமணியை இரவே ஊறப்போட்டு, குக்கரில் வேகவைத்து, தேங்காய், மாங்காய்த் துருவலோடு எலுமிச்சை பிழிந்து சுண்டல். வழக்கமான உப்பில் பாதிதான். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் எலுமிச்சை உதவும். பேரன் முதலில் மாங்காயை மட்டும் பொறுக்கித் தின்றான். நாலாம் நாள் காராமணியும் உள்ளே போயிற்று.

அவர்தான் ஒரு வாரம், "என்ன, பத்தியச் சாப்பாடா?" என்று முணுமுணுத்தார். இப்போது பழகிவிட்டது. மாத்திரை டாக்டர் சொன்னபடியே தொடர்கிறது. போன தடவை அதைக் கூட்டவில்லை. எனக்கு அதுவே போதும்.

சகோதரிகளே, இந்த மாதம் உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது, அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். தீரும் நாளில் கணக்குப் பாருங்கள்.