தேசப்படத்தில் அம்மாயி ஊர்

டாலிகஞ்சில் நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். விளக்கேற்றும் வேளை. தொலைபேசியில் சேலத்து அம்மாயி, "இங்கே இன்னும் வெயில் அடிக்கிறதே!" என்றார். பேத்திக்கு வியப்பு.

தேசப்படத்தை விரித்தோம். மேற்புறம் வடக்கு, இடப்புறம் மேற்கு. டாலிகஞ்சிலிருந்து அட்சரேகை வழியே இடப்புறமாக விரலை நகர்த்தினாள். சேலத்தில் போய் நின்றது! இரண்டும் 11 பாகை 39 கலையை ஒட்டிய ஊர்கள். கப்பல் சென்னைக்குச் செல்வதால் அம்மாயி ஊரும் வடமேற்கே என எண்ணியிருந்தாளாம்.

அளவுகோலில் 16 செ.மீ. வந்தது. 1 செ.மீ.க்கு 100 கி.மீ. எனில் 1,600 கி.மீ. (சில படங்களில் அந்தமான் தனிக்கட்டத்துள் அடைபட்டிருக்கும், அங்கே இவ்வளவை செல்லாது.) தீர்க்கரேகை வேறுபாடு 14½ பாகை, பாகைக்கு 4 நிமிடமாக 58 நிமிடம். கடிகாரம் ஒன்றே, கதிரவன்தான் நமக்கு முந்துகிறான்.

மறுநாள் மாலை அவளே அழைத்தாள்: "அம்மாயி, இங்கே பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் விளக்கேற்றுங்கள்!"