ஹெரால்டு காரும் ஒட்டுப்போட்ட சேஸிஸும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் இப்போது கல்லூரியில் படிக்கிற பலருக்கு "அது என்ன பைக்கா?" என்றுதான் கேட்கத் தோன்றும். 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் அருகே தயாரான கார் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. பானட்டைத் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து முழு முன்பக்கமும் அப்படியே முன்னால் கவிழும். சின்னப் பசங்க வாயைப் பிளந்து பார்ப்பார்கள்!

விஷயம் அதற்கு அடியில் இருக்கிறது. அம்பாசடர், ஃபியட் இரண்டுக்கும் தனி சேஸிஸ் கிடையாது. ஹெரால்டுக்கு உண்டு. பாடி செய்துகொடுத்து வந்த கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால் இங்கிலாந்தில் பாடியைப் பல இடங்களில் துண்டுதுண்டாகச் செய்து, தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இறுக்கும்படி ஆனது.

தனி சேஸிஸ் என்றால் வெட்டுவதும் சுலபம். அங்கேதான் வினை. பெட்ரோல் விலைக்குப் பயந்து கனமான டீசல் இன்ஜினை ஏற்றுவார்கள். அது உட்காராவிட்டால் கிராஸ் மெம்பரை வெட்டி, கிடைத்த சேனல் துண்டை வைத்து வெல்டிங் அடித்துவிடுவார்கள். பார்க்க பலமாகத்தான் தெரியும். ஆனால் மெல்லிய தகட்டுப் பெட்டியில் தடித்த சேனலை ஒட்டினால், இரண்டும் சேரும் கோட்டில்தான் விரிசல் விடும். புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் இன்னொரு கஷ்டம்: தகட்டின் மேல் தகடு அடித்த இடுக்கில் ஈரமும் உப்பும் தங்கி உள்ளேயே அரித்துவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்!

சரி, இப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டவர் என்ன செய்வது? முதலில் கிரைண்டரைக் கீழே வைக்க வேண்டும். பலரும் செய்கிற தப்பு, பழைய ஒட்டை வெட்டிவிட்டு அப்புறம் அளப்பது. சமமான தரையில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சேஸிஸின் இடது வலது பக்கங்களில் ஒரே மாதிரியான புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பிறகு குறுக்காக மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் சேஸிஸ் கோணலாகிவிட்டது. கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்ப்பதும் இப்படித்தான். ஹெரால்டில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பின்பக்க டிஃபரன்ஷியலே சேஸிஸில்தான் போல்ட் ஆகியிருக்கிறது. சேஸிஸ் கோணல் என்றால் பின்சக்கரமும் கோணல். நெடுஞ்சாலையில் உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் அது.

வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி பற்றவைத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்தபின் கதவு மூடாது. புதுத் துண்டு பழைய தகட்டின் கனத்திலேயே இருக்கட்டும். நேராக வெட்டி ஒட்டுவதைவிடச் சாய்வாக வெட்டி, உள்ளே ஒரு பட்டை கொடுத்துப் பற்றவைப்பது நல்லது. ஒரேயடியாக அடிக்காமல் இந்தப் பக்கம் கொஞ்சம், ஆறியதும் அந்தப் பக்கம் கொஞ்சம். அவசரப்பட்டால் சூட்டில் இரும்பு மறுபடி முறுக்கிக்கொள்ளும். செலவைவிடப் பொறுமைதான் அதிகம் தேவைப்படும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் 2021-ல் வந்த மத்திய அரசு விதியைப் பார்க்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதாவது டீசல் இன்ஜினும் சேனல் துண்டும் இருக்கும்வரை, 1965-ம் வருஷத்து ஹெரால்டு சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. கழற்றிய பெட்ரோல் இன்ஜின் எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ, அதையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து வண்டி வெளியே வந்தால் நேராகக் கடற்கரைச் சாலைக்கு ஓட்டிப்போய்ப் படம் எடுக்கத்தான் மனசு துடிக்கும். (சாயங்காலம் அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை, ஞாபகம் இருக்கட்டும் :-)) அதற்கு முன்னால் ஒரு வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்தி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது நல்லது.